உதடும் ஒலியும்

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் மாலை, தொலைக்காட்சியில் தமிழ்ச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. என் தந்தையார் பாதியிலேயே எழுந்துவிட்டார். ஏழு மணிச் செய்தியைத் தவறவிடாத மனிதர் அவர். என்ன என்று கேட்டேன்.

"இனிமேல் எனக்கு இது வேண்டாமப்பா. காதுதான் போயிற்று என்று நினைத்திருந்தேன். இப்போது புத்தியும் தடுமாறுகிறது போலிருக்கிறது. அந்த அம்மாள் பேசுவது ஒன்று, எனக்குக் கேட்பது வேறொன்று" என்றார்.

என் தந்தையார் கோலார் தங்கவயலில் சுரங்கத்துள் பாறை துளைக்கும் இயந்திரத்துடன் பல்லாண்டுகள் உழைத்தவர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டபோது, வேலையுடன் செவியின் கூர்மையையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தார். அன்றுமுதல் அவர் கேட்பது பாதி, காண்பது பாதி. பேசுவோரின் உதட்டைப் பார்த்தே சொல்லை உறுதி செய்துகொள்வார். 'பால்' என்பதும் 'மால்' என்பதும் உதட்டளவில் ஒன்றுபோலத் தோன்றும். அங்கே செவி கைகொடுக்கும். செவிக்கு ஐயம் வந்தால் கண் தீர்த்துவைக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் சாட்சி சொன்னால்தான் அவருக்கு வழக்குத் தீரும்.

நான் அவருடைய இடத்தில் அமர்ந்து திரையைக் கூர்ந்து நோக்கினேன். அவருடைய புத்தியில் குறை ஒன்றும் இல்லை. ஒலி முந்தி வந்தது. உதடு பிந்தி அசைந்தது. இடைவெளி சிறியதுதான். நம்மைப் போன்றோர் கவனிக்காமல் இருந்துவிடலாம். அவரோ உதட்டை நம்பி வாழ்பவர்.

இதன் காரணத்தைத் தேடப் புகுந்து நான் அறிந்துகொண்ட செய்திகளை நம் சங்கத்துக் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான் பொறியியல் படித்தவன் அல்லன்; பள்ளி இறுதித் தேர்வோடு நின்று, ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்தவன். ஒளிபரப்புத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் சங்கத்து அன்பர் ஒருவர்தான் எனக்கு ஆசிரியராக அமைந்தார். "உமக்குச் சரக்கு வண்டி தெரியுமல்லவா? அது தெரிந்தால் இதுவும் தெரியும்" என்று தொடங்கினார் அவர்.

ஒலியை எண்ணாக்குதல்

பெங்களூருவில் 2013 மார்ச் மாத இறுதிவரை கேபிள் தொலைக்காட்சி பழைய முறையிலும் வந்துகொண்டிருந்தது. அதன்பின் சட்டப்படி எண்முறை கட்டாயமாயிற்று; வீட்டுக்கு வீடு ஒரு சிறு பெட்டியும் வந்தது. பழைய முறையில் படமும் ஒலியும் அலைவடிவாகவே ஒன்றாகப் பயணம் செய்தன. இரட்டை மாடு பூட்டிய வண்டிபோல இரண்டும் சேர்ந்தே வந்தன. ஒன்று முந்த, ஒன்று பிந்த இடம் அரிது. புதிய முறையில் இரண்டும் எண்களாக மாறித் தனித்தனியே கட்டப்பட்டு வருகின்றன. வந்து சேர்ந்த பிறகே அவற்றை மீண்டும் இணைக்க வேண்டும்.

முதலில் ஒலியை எண்ணாக்க வேண்டும். செய்தி வாசிப்பவரின் குரலை விநாடிக்கு 48,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் கொண்ட எண்ணாகக் குறிக்கிறார்கள். இடம் வலம் என இரண்டு வழிகளுக்கும் சேர்த்து விநாடிக்கு 15,36,000 பிட் ஆகிறது. ஒரே அலைவழியில் பல நிலையங்கள் பங்கு கொள்ள வேண்டியிருப்பதால், இவ்வளவு சுமையை ஒலிக்கு மட்டும் ஒதுக்க இயலாது. ஆகவே சுருக்குகிறார்கள்.

சுருக்கும் முறைக்கு அடிப்படை நம் செவியின் இயல்பே. தவில் ஓங்கி முழங்கும்போது பக்கத்தில் இருப்பவர் முணுமுணுப்பது கேட்பதில்லை. எஞ்சின் ஊதும்போது நடைமேடையில் வளையல் குலுங்கும் ஓசை கேட்பதில்லை. உரத்த ஒலி, தன்னை அடுத்த மெல்லிய ஒலிகளை மறைத்துவிடுகிறது. கேட்காத ஒலிக்கு எண்ணைச் செலவிடுவானேன்? எம்பெக் என்னும் பன்னாட்டு அறிஞர் குழு 1990-களின் தொடக்கத்தில் வகுத்த முறைகளுள் 'இரண்டாம் அடுக்கு' என்பது ஒன்று. அது ஒலியை 32 பட்டைகளாகப் பிரித்து, எந்தப் பட்டையில் எது மறைந்துபோகும் என்று கணக்கிட்டு, அங்கே எண்களைக் குறைக்கிறது. இவ்வாறு 15,36,000 பிட்டை 1,92,000 பிட்டாகச் சுருக்கலாம்; அதாவது எட்டில் ஒரு பங்கு. நம் நாட்டில் தொலைக்காட்சி ஒலி பெரும்பாலும் இம்முறையில் வந்திருக்கிறது. பின்னர் வந்த வேறு முறைகளும் வழக்கில் உள்ளன.

சுருக்கிய ஒலி இடைவிடாத ஓடைபோல வருவதில்லை. துண்டு துண்டாக வருகிறது. 1,152 அளவுகள் சேர்ந்தது ஒரு துண்டு. அது ஒலிக்கும் நேரம் ஒரு விநாடியை ஆயிரமாகப் பகுத்ததில் 24 பங்கு. மேற்கூறிய சுருக்கத்தில் அதன் அளவு 576 பைட். எட்டு பிட் கொண்டது ஒரு பைட்.

சிப்பமும் வேகனும்

இனி, நான் அறிந்த தொழிலுக்கு வருகிறேன். துண்டுகளை முதலில் ஒரு சிப்பமாகக் கட்டுகிறார்கள். சிப்பத்தின் மேல் 14 பைட் அளவுள்ள ஒரு முகப்புச் சீட்டு ஒட்டப்படுகிறது. உள்ளே இருப்பது ஒலியா, படமா, சரக்கு எவ்வளவு, எந்த நேரத்தில் ஒலிக்க வேண்டும் என்பவை அச்சீட்டில் உள்ளன.

பிறகு அந்தச் சிப்பம் வேகன்களில் ஏற்றப்படுகிறது. எல்லா வேகன்களும் ஒரே நீளம்: 188 பைட். படமானாலும் ஒலியானாலும் நிகழ்ச்சி அட்டவணையானாலும் இதே வேகன்தான். ஒவ்வொரு வேகனின் முகப்பிலும் 4 பைட் அளவுள்ள அட்டை ஒன்று உண்டு. சரக்கு ஏற்ற எஞ்சிய இடம் 184 பைட்.

அந்த அட்டையில் உள்ளவற்றைப் பாருங்கள். முதல் பைட் எப்போதும் 71 என்னும் எண். 'இங்கே ஒரு வேகன் தொடங்குகிறது' என்பது அதன் பொருள். அடுத்து வேகனுக்குரிய அடையாள எண். 8,192 எண்களுள் ஒன்று. செய்தி நிலையத்தின் ஒலி ஒரு எண், அதன் படம் வேறோர் எண், பக்கத்து நிலையத்தின் ஒலி இன்னோர் எண். நம் வீட்டுப் பெட்டி தனக்குரிய எண் தாங்கிய வேகன்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றைப் போகவிடுகிறது. அடுத்து 0 முதல் 15 வரை ஓடும் வரிசை எண். ஐந்து, ஆறு, எட்டு என்று வந்தால் ஏழாவது வேகன் வழியில் தொலைந்தது என்று பெட்டி அறிந்துகொள்ளும்.

இங்கே ஓர் ஏற்றுக்கூலிக் கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு சிப்பமும் புதிய வேகனில்தான் தொடங்க வேண்டும். ஒரே துண்டைச் சிப்பமாகக் கட்டினால் 576-உம் 14-உம் சேர்ந்து 590 பைட். மூன்று வேகன்கள் போதா, நான்கு வேண்டும். நான்கில் 736 பைட் ஏற்றலாம். 146 பைட் இடம் வீண். பெட்டியில் பண்டம் ஆடாமலிருக்க வைக்கோல் அடைப்பதுபோல, அங்கே வெறும் எண்களை அடைத்து அனுப்புகிறார்கள். ஐந்து துண்டுகளை ஒரே சிப்பமாகக் கட்டினால் 2,894 பைட், பதினாறு வேகன்கள், வீணாவது 50 பைட் மட்டுமே. ஆனால் ஐந்து துண்டுகள் சேரும்வரை காத்திருக்க வேண்டும். ஆள் நிறையாமல் புறப்படாத ஷேர் ஆட்டோவின் கதைதான் இது. சிக்கனம் வேண்டுமானால் தாமதம். விரைவு வேண்டுமானால் வீண்செலவு.

இப்படிப் பல நிலையங்களின் படமும் ஒலியும் ஏற்றிய வேகன்கள், இடையிடையே வெறும் வேகன்களும் சேர்த்து, ஒரே நீண்ட வண்டியாகக் கோக்கப்படுகின்றன. துணைக்கோளுக்கு அனுப்புமுன் ஒவ்வொரு வேகனுடனும் 16 பைட் காப்புச் சரக்கு சேர்க்கப்பட்டு 204 பைட் ஆகிறது. இதன் உதவியால், வழியில் எட்டு பைட் வரை சிதைந்தாலும் பெட்டி தானே செப்பம் செய்துகொள்ளும். பெங்களூருவில் மாலை மழை வலுக்கும்போது மொட்டைமாடித் தட்டு வழி வரும் படம் சதுரம் சதுரமாகச் சிதறுவதையும் ஒலி விட்டுவிட்டு வருவதையும் நாம் கண்டிருக்கிறோம். காப்புச் சரக்கால் ஈடு செய்ய முடியாத அளவுக்கு வேகன்கள் சிதைந்துவிட்டன என்பதே அதன் பொருள்.

2004 டிசம்பரில் தூர்தர்ஷன் தொடங்கிய கட்டணமில்லா நேரடி வீட்டுச் சேவையும் இந்த வேகன் முறையிலேயே இயங்குவது. அச்சேவையைத் தாங்கிய ஜிசாட்-15 துணைக்கோள் நம் நாட்டு விண்வெளி ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. 2015 நவம்பர் 11 அன்று தென் அமெரிக்காவின் கூரூ ஏவுதளத்திலிருந்து விண்ணில் செலுத்தப்பட்டது. நமக்கு அருகிலுள்ள ஹாசன் நகரின் கட்டுப்பாட்டு நிலையம் இத்தகைய துணைக்கோள்களைக் கண்காணித்து வருகிறது. நம் வீட்டுச் செய்தி ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் மேலே சென்று அதே தொலைவு கீழே இறங்கி வருகிறது. இதற்குக் கால் விநாடி ஆகும். ஆனால் உதடும் ஒலியும் பிரிவதற்கு இந்தப் பயணம் காரணமன்று. இரண்டும் ஒரே வண்டியில்தான் வருகின்றன.

நிலையக் கடிகாரம்

அப்படியானால் பிரிவு எங்கே நேர்கிறது? இதை அறியக் கடிகாரத்தை அறிய வேண்டும்.

ரயில்வேயில் நாங்கள் கடிகாரத்துக்கு அடிமைகள். கார்டின் கைக்கடிகாரமும் நிலையத்தின் கடிகாரமும் ஒன்றாக ஓட வேண்டும். இங்கும் அவ்வாறே. அனுப்பும் நிலையத்தில் விநாடிக்கு 2 கோடியே 70 லட்சம் முறை துடிக்கும் ஒரு தலைமைக் கடிகாரம் உண்டு. அது காட்டும் நேரத்தைச் சில வேகன்களில் எழுதி, விநாடிக்குப் பத்து முறைக்குக் குறையாமல் அனுப்புகிறார்கள். நம் பெட்டி அதைப் பார்த்துத் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிறது.

சிப்பத்தின் முகப்புச் சீட்டில் ஒலிக்க வேண்டிய நேரம் உள்ளது என்றேன் அல்லவா? அது விநாடியை 90,000 பங்காக்கி எழுதப்படுகிறது. ஓர் ஒலித்துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் உள்ள இடைவெளி சரியாக 2,160 பங்கு. படத்துக்கும் இவ்வாறே நேரம் குறிக்கப்படுகிறது. ஒலிச்சீட்டும் படச்சீட்டும் ஒரே நேரத்தைக் காட்டினால், அவ்வொலியும் அப்படமும் ஒரே கணத்தில் வெளிவர வேண்டும். எது முன்னே வந்து சேர்ந்தது, எது பின்னே வந்தது என்பது பொருட்டன்று. முன்னே வந்தது கிடங்கில் காத்திருக்க வேண்டும்.

ஒலிக்குரிய கிடங்கு மிகச் சிறியது. விதிப்படி 3,584 பைட். நம் கணக்கில் ஒரு விநாடியின் ஏழில் ஒரு பங்கு ஒலிதான் அதில் தங்கும். படக் கிடங்கு மிகப் பெரியது. ஆகவே படத்தை முன்னரே அனுப்பி, ஒலியைப் பிறகு அனுப்பி, இரண்டும் குறித்த கணத்தில் சந்திக்குமாறு அனுப்புவோர் ஏற்பாடு செய்கிறார்கள். சீட்டில் நேரம் தவறாக எழுதப்பட்டாலோ, பெட்டி சீட்டை மதிக்காவிட்டாலோ, பெட்டிக்குப் பின் ஏதேனும் தாமதம் புகுந்தாலோ உதடும் ஒலியும் பிரியும்.

எவ்வளவு பிரிந்தால் மனிதர் கண்டுகொள்வர்? பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-ஆம் ஆண்டின் பரிந்துரையில் இதற்கு அளவு சொல்லியுள்ளது. ஒரு விநாடியை ஆயிரம் பங்காக்கினால், ஒலி 45 பங்கு முந்தினாலே கண்டுகொள்வர். பிந்தினாலோ 125 பங்கு வரை கண்டுகொள்ளார். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் சொல்வது எளிது. ஆற்றங்கரையில் சலவைத் தொழிலாளி துணியைக் கல்லில் ஓங்கி அடிப்பதை எட்ட நின்று பாருங்கள். அடி முதலில் தெரியும்; ஓசை பிறகே வரும். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் செல்லும். ஒளியோ கணத்தில் வந்துவிடும். ஒலி பிந்துவதை நாம் பிறந்தது முதல் கண்டு பழகியிருக்கிறோம். ஒலி முந்துவது இயற்கையில் எங்குமே இல்லை. ஆகவேதான் என் தந்தையாருக்கு அது புத்தித் தடுமாற்றமாகத் தோன்றியது.

குற்றவாளி யார்?

அன்பர் எனக்கு ஒரு சோதனை சொன்னார்: "எல்லா நிலையங்களிலும் பிரிகிறதா, ஒன்றில் மட்டும் பிரிகிறதா? எல்லாவற்றிலும் என்றால் குற்றம் உம் வீட்டில். ஒன்றில் மட்டும் என்றால் அனுப்புவோரிடம்."

வீட்டுக்கு வந்து நிலையம் நிலையமாகத் திருப்பினேன். எல்லாவற்றிலும் ஒலி முந்தியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. முந்திய மாதம், தந்தையார் நன்றாகக் கேட்கட்டும் என்று நான் ஓர் ஒலிபெருக்கி வாங்கி வந்து, பெட்டியிலிருந்து நேரே கம்பி இழுத்து அதில் செருகியிருந்தேன். புதிய தொலைக்காட்சித் திரைகள் படத்தை மெருகேற்றிக் காட்டச் சிறிது நேரம் எடுத்துக்கொள்கின்றன. தம் ஒலிபெருக்கி வழியே ஒலித்தால் ஒலியையும் அவ்வளவு நேரம் நிறுத்திவைக்கின்றன. நானோ ஒலியைத் திரையின் கைக்குச் செல்லவிடாமல் குறுக்குவழியில் இழுத்துவிட்டேன். படம் திரைக்குள் தங்கிற்று. ஒலி முந்தி ஓடிவிட்டது. தந்தையார் நன்றாகக் கேட்க வேண்டும் என்று நான் செய்ததே அவருக்குத் தீங்காய் முடிந்தது. மூன்று வாரம் அவர் தம் புத்தியையே ஐயுற்றுக்கொண்டிருந்தார்.

கம்பியைக் கழற்றித் தொலைக்காட்சியிலேயே செருகினேன். எல்லா நிலையங்களும் சரியாயின, ஒன்றே ஒன்றைத் தவிர. அந்த ஒன்றைப் பற்றிக் கேபிள் சேவையினரிடம் தொலைபேசியில் முறையிட்டேன். முதல் இரு முறையும் "உங்கள் டி.வி.யைப் பாருங்கள் சார்" என்றார்கள். மூன்றாம் முறை, மற்ற நிலையங்கள் எல்லாம் சரியாக வருகின்றன, இது ஒன்றே தவறுகிறது, இந்த நாளில் இந்த மணிக்குக் கண்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் அதுவும் சரியாயிற்று. முறையீட்டைக் குறிப்போடு எழுதிக் கொடுத்தால் பலன் உண்டு என்பதை எழுத்தனாகிய நான் நன்கு அறிவேன்.

ஒரே படம், பல மொழி

இந்த வேகன் முறையில் நம்மைப் போன்ற குடியேறிய குடும்பங்களுக்கு ஒரு நன்மையும் இருக்கிறது. ஒலி தனி வேகனில் வருவதால், ஒரே படத்துடன் பல மொழி ஒலிகளை அனுப்பலாம். எந்த வேகனில் எந்த மொழி என்பதை மூன்று எழுத்துக் குறியால் அட்டவணையில் எழுதுகிறார்கள். தமிழுக்கு டி, ஏ, எம். கன்னடத்துக்கு கே, ஏ, என்.

இந்த எண்ணம் நம் மாநிலத்துக்குப் புதிதன்று. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 துணைக்கோள் வழியே ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி காட்டப்பட்டது. கர்நாடகத்தின் பிஜாப்பூர், குல்பர்கா, ராய்ச்சூர் மாவட்டக் கிராமங்களும் அவற்றுள் அடங்கும். ஒரு படத்துடன் இரண்டு ஒலிவழிகளை அனுப்பும் வசதி அன்றே அதில் இருந்தது. அன்று இரண்டு, இன்று வேகன் உள்ள அளவும் ஏற்றலாம்.

நம் இல்லங்களில் பலர் இதை அறியார். விலங்குகளைக் காட்டும் நிலையத்தைத் திருப்பினால் வேறு மொழி கேட்கிறது. தமிழ் இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் ஒலிமொழி என்னும் இடத்தில் தமிழைத் தேர்ந்து வைத்தால், தமிழ் வேகன் வரும் நிலையங்களில் எல்லாம் பெட்டி அதையே எடுத்துக்கொள்ளும். என் மகள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் கற்கிறாள். யானையைப் பற்றித் தமிழில் கேட்கும் வாய்ப்பு அவளுக்கு எங்கே கிடைக்கும்? தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து அமர்ந்து பார்க்க இப்போது ஒரு நிகழ்ச்சி கிடைத்திருக்கிறது.

வீட்டில் முதியோர் உள்ள அன்பர்களுக்கு இறுதியாகச் சில சொற்கள். அவர்கள் தொலைக்காட்சி பார்ப்பதை விட்டுவிட்டால், வயது என்று எண்ணி விட்டுவிடாதீர்கள்; அவர்கள் இடத்தில் அமர்ந்து ஒருமுறை பாருங்கள். ஒலிபெருக்கியைத் திரையிலேயே இணையுங்கள். திரையில் ஒலித் தாமதம் என்னும் அமைப்பு இருந்தால், செய்தி வாசிப்பவரின் உதட்டைப் பார்த்துக்கொண்டே அதைச் சரி செய்யுங்கள். கம்பியில்லா ஒலிபெருக்கியில் ஒலி பிந்துவது உண்டு. செவிக்குறை உள்ளவர்களுக்குக் கம்பியுள்ளதே நலம். ஒரே ஒரு நிலையத்தில் குறை என்றால், நாளும் மணியும் குறித்து எழுதிக் கொடுங்கள்.

கம்பியை மாற்றிய அன்று மாலை, நான் ஒன்றும் சொல்லாமல் ஏழு மணிக்குச் செய்தியைப் போட்டுவிட்டு அடுக்களைக்குச் சென்றுவிட்டேன். சிறிது நேரம் கழித்து அங்கிருந்து தந்தையாரின் குரல் கேட்டது.

"தம்பி, பாலாற்றில் தண்ணீர் வந்திருக்கிறதாம்!"